கிறுக்கர் சங்கத்துப் பொங்கல்படி

டிசம்பர் 12

குலுக்கல் முடிந்தது. நூற்று நாற்பத்து மூன்று பேர் இருக்கிற சங்கத்தில் எனக்கு விழுந்த பெயர் கரிச்சான்.

போயும் போயும் கரிச்சான்!

பின்னால் ஒருநாள் இந்த நோட்டை எடுத்துப் படித்தால் எனக்கே புரிய வேண்டும் என்பதால் விவரமாக எழுதி வைக்கிறேன். கிறுக்கர் சங்கம் என்பது போனிலும் டேப்பிலும் பொழுதுபோக்காகப் படம் வரைகிறவர்களின் இணையக் குழு. ஒருவரும் தொழில்முறை ஓவியர் இல்லை. பஸ் கண்டக்டர் இருக்கிறார், பேங்க் மேனேஜர் இருக்கிறார், இட்லி மாவு விற்கிறவர் இருக்கிறார். எல்லோருக்கும் புனைபெயர். என் பெயர் நத்தை. ஒரு படத்தை முடிக்க மூன்று வாரம் எடுத்துக்கொள்வதால் அவர்களாக வைத்தது. குழுவை நடத்துவது அரைப்பென்சில், அதாவது ஓசூர் குமுதினி அக்கா.

இந்த வருடம் அக்கா ஒரு விளையாட்டு அறிவித்தார். குலுக்கலில் வருகிறவருக்கு நாம் ஒரு படம் வரைந்து பரிசாகத் தர வேண்டும். யாருக்கு யார் என்பது ரகசியம். ஜனவரி 14 மாலை ஆறு மணிக்கு எல்லாப் படங்களும் ஒன்றாக வெளியாகும். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குத் தூத்துக்குடிப் பக்கம் பானையும் அரிசியும் கரும்புமாகப் பொங்கல்படி அனுப்புவோம். அந்தப் பெயரையே வைக்கலாம் என்று சொன்னது நான்தான். பெயர் வைத்தவளுக்குக் கிடைத்த பலன் இது.

கரிச்சான் யாரென்றால், என் மீன்காரி படத்துக்குக் கீழே இப்படி எழுதியவர்: "கை ரெண்டும் முள்ளங்கி மாதிரி இருக்கு. முகத்துக்குச் செலவழிச்ச நேரத்தில் பாதியைக் கைக்குக் கொடுங்க." ஐம்பத்தேழு பேர் விரும்பிய படம் அது. மார்ச் 9, மாலை நாலு பத்துக்கு எழுதினார். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை நான்.

டிசம்பர் 13

விடிய விடிய மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். வேலை பார்க்கிற கடைக்குப் போக முடியவில்லை. இவர் மட்டும் யாருக்கோ ஃப்ரிட்ஜ் ஓடவில்லை என்று கருவிப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

"தெருவே ஃப்ரிட்ஜ் மாதிரிதான் இருக்கு. இதுல எவன் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு அவசரம்?" என்றேன்.

"உள்ள ரெண்டு கிலோ வஞ்சிரம் இருக்காம்ட்டி. மனுசன் அழுதுருவான் போல" என்று சொல்லிவிட்டுப் போனார் லிங்கதுரை. என் வீட்டுக்காரருக்கு மீன் என்றால் இரக்கம் அதிகம்.

விளையாட்டின் விதிப்படி ஒவ்வொருவரும் தனக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு வரி எழுதித் தர வேண்டும். கரிச்சான் எழுதியிருப்பது: "எதுவானாலும் சரி." இதை வைத்துக்கொண்டு என்ன வரைவது? ஒரு பொங்கல் பானை, பின்னால் மிளகாய்த் தோட்டம். பச்சைச் செடியில் சிவப்பு மிளகாய், சிவப்புச் சேலையில் ஒரு பெண். கையை முந்தானைக்குள் மறைத்துவிடலாம்.

டிசம்பர் 16

மிளகாய் முப்பத்திரண்டு வரைந்தாயிற்று.

டிசம்பர் 19

சாப்பாட்டு இடைவேளையில் கரிச்சானின் பழைய படங்களைப் பார்த்தேன். விதி அப்படிச் சொல்கிறது, அதனால்தான். முழுக்க ரயில். பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. கோடு என்றால் அப்படி ஒரு கோடு. தண்டவாளத்தில் கை வைத்தால் சுடும் போல இருக்கிறது. ஆனால் வண்ணம் என்று வந்துவிட்டால் மனிதருக்கு ஏதோ ஆகிவிடுகிறது. ஒரு படத்தில் டிக்கெட் பரிசோதகரின் முகம் லேசான பச்சை, பித்தம் தலைக்கேறியவர் மாதிரி.

செப்டம்பரில் ஒரு நாய் போட்டிருந்தார். நடைமேடையில் படுத்திருக்கும் நாய், முழுப் பச்சை. அதற்குக் கீழே நான், "நாய்க்குப் பாசி பிடிச்சிருச்சா? பிளீச்சிங் பவுடர் போடுங்க" என்று எழுதினேன். தொண்ணூற்றொரு பேர் சிரித்திருந்தார்கள். சங்கத்தில் நான் எழுதியவற்றிலேயே அதிகம் பேர் சிரித்தது அதுதான். அதற்குப் பிறகு அவர் வண்ணப் படமே போடவில்லை. வேலை அதிகமாக இருக்கும்.

வரைந்த விதத்தைக் காட்டும் காணொளி ஒன்றும் போட்டிருக்கிறார். நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஓரத்தில் சின்னச் சின்னக் கட்டங்களாக நிறங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் பெயர் எழுதியிருக்கிறார்: இலை, செங்கல், மண், தோல். நாற்பது வயது இருக்கும் மனிதருக்கு. இலை பச்சை என்று எழுதி வைத்தா வரைவார்கள்? சிரிப்பு வந்தது.

வாஷிங் மெஷின் மறுபடி தண்ணீர் விடுகிறது. ஊர் வீட்டு மெஷினெல்லாம் ஓடுகிறது.

டிசம்பர் 23

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து எழுதுகிறேன்.

நான் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறவள். பதினோரு வருடம் ஆகிறது. துறைமுக ஊர் என்பதால் கப்பல் வேலைக்குப் போகிறவர்கள் சான்றிதழுக்காக வருவார்கள். எழுத்துப் பலகையை வாசித்த பிறகு புள்ளிப் புத்தகத்தைக் காட்டுவேன். பக்கம் முழுக்கக் கலர் புள்ளிகள், நடுவில் புள்ளிகளாலேயே ஓர் எண். சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிகிறவர்களுக்கு எண் பளிச்சென்று தெரியும். தெரியாதவர்களுக்கு வேறு எண் தெரியும், அல்லது எதுவுமே தெரியாது.

இன்று திரேஸ்புரத்திலிருந்து ஒருவர் வந்தார். இருபத்துநாலு வயது, நல்ல உயரம். எட்டு இருந்த பக்கத்தை மூன்று என்றார். எழுபத்து நான்கை இருபத்தொன்று என்றார்.

"திரும்பக் காட்டுங்கக்கா. லைட்டு கூசுது."

திரும்பக் காட்டினேன். மறுபடியும் இருபத்தொன்று.

"சட்டை துணிமணியெல்லாம் நீங்களா எடுப்பீங்களா தம்பி?" என்று கேட்டேன். வழக்கமாகக் கேட்கிற கேள்விதான்.

"எங்கம்மாதான் எடுப்பாவ. ஒருதடவ நானே போயி காக்கிக் கலர்னு ஒரு பேண்ட் எடுத்துட்டு வந்தேன். பச்சையாம். வீட்ல எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாவ" என்று சொல்லி அவரும் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. டாக்டர் அவரை உள்ளே அழைத்து வேறு பிரிவு வேலைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அடுத்தவரைக் கூப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசை பெர்பெத்துவா அக்கா, "ஏம்மா கனி, பேயடிச்ச மாதிரி இருக்க?" என்றாள்.

பச்சை நாய். பச்சை முகம். கட்டத்துக்குப் பக்கத்தில் 'இலை'.

பதினோரு வருடமாக அந்தப் புத்தகத்தைப் புரட்டுகிற கை இது.

மதியத்துக் குழம்பு வாயில் வைக்க முடியவில்லை. மீன் சரியில்லை போலிருக்கிறது. இவர் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

டிசம்பர் 24

கடைக்குப் போனேன். வந்தேன்.

டிசம்பர் 25

பெர்பெத்துவா அக்கா வீட்டில் கிறிஸ்துமஸ் சாப்பாடு. சாப்பிட்டு முடித்ததும், "அக்கா, எனக்குத் தெரிஞ்ச ஒருத்தி, விளையாட்டுக்கு ஒருத்தரைக் கிண்டல் பண்ணிட்டா. அவருக்குக் கண்ணுல ஒரு குறை இருக்குன்னு இப்பத்தான் தெரியுது. அவ என்ன செய்யணும்?" என்று பேச்சை ஆரம்பித்தேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அந்த ஒருத்திய இன்னொரு துண்டு கேக் எடுத்துக்கச் சொல்லு. மூணு நாளா சரியாச் சாப்பிடல அவ."

வீட்டுக்கு வந்ததும் நாய்க்குக் கீழே நான் எழுதியிருந்ததை அழித்தேன். தொண்ணூற்றொரு சிரிப்பும் கூடவே போயின. குமுதினி அக்கா உடனே கேட்டார்: "ஏன் நத்தை, நல்லாத்தானே இருந்துச்சு?" நல்லா இல்லை என்று பதில் அனுப்பினேன்.

டிசம்பர் 26

வரைகிற செயலியில் ஒரு வசதி இருக்கிறது. நிறம் பிரியாதவர்களுக்கு நம் படம் எப்படித் தெரியும் என்று காட்டும். இத்தனை நாள் அதைத் தொட்டதே இல்லை. இன்று என் மிளகாய்த் தோட்டத்தை வைத்து அழுத்திப் பார்த்தேன்.

முப்பத்திரண்டு மிளகாயும் காணாமல் போயின. சிவப்புச் சேலைக்காரி செடிக்குள் கரைந்துவிட்டாள். எல்லாம் ஒரே கடுகெண்ணெய் நிறம். பானை மட்டும் தனியாக நின்றது.

இதைத்தான் ஆசையாக வரைந்திருக்கிறேன் அவருக்கு. அழித்துவிட்டேன். பத்தொன்பது நாள் இருக்கிறது. நத்தைக்குப் பத்தொன்பது நாள்!

டிசம்பர் 29

ஞாயிற்றுக்கிழமை. இவர் வாஷிங் மெஷினைப் பிரித்துக் கூடம் முழுக்கப் பரப்பியிருந்தார். நான் கட்டிலில் உட்கார்ந்து கரிச்சானின் இருநூற்றுச் சொச்சம் படங்களையும் முதலிலிருந்து பார்த்தேன்.

முன்பு கவனிக்காத ஒன்று தெரிந்தது. இத்தனை ரயில் வரைகிறவர், விளக்கு சிக்னலை ஓரிடத்தில்கூட வரையவில்லை. எல்லாப் படத்திலும் பழைய காலத்துக் கைகாட்டி மரம்தான். கை நீட்டியிருந்தால் நில், சாய்ந்திருந்தால் போ. நிறம் பார்க்க வேண்டியதில்லை.

இன்னொன்று, ரயிலை அவர் வெளியிலிருந்து வரைவதே குறைவு. எஞ்சினுக்குள்ளிருந்து, ஓட்டுநரின் ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறார். ஆனால் அந்த இருக்கையில் ஆள் இருப்பதில்லை. எப்போதும் காலியாக இருக்கிறது.

அந்த இருக்கையில் ஓர் ஆளை உட்காரவைக்கப் போகிறேன். விடியற்காலை. நீலமும் மஞ்சளும் மட்டும், அவை இரண்டும் அவருக்குப் பிரிந்து தெரியும். இருளிலிருந்து வெளிச்சத்துக்கு எஞ்சின் போகிறது, தூரத்தில் கைகாட்டி சாய்ந்து வழி விடுகிறது.

ஓட்டுநர் என்றால் கை வேண்டும். இரண்டு கை. முந்தானை கிடையாது.

ஜனவரி 1

புத்தாண்டு. கோயிலுக்குப் போய் வந்து கேசரி கிண்டினேன். பிறகு இவரை நாற்காலியில் உட்காரவைத்து, குக்கர் கைப்பிடியை ஒரு கையிலும் ஸ்பேனரை இன்னொரு கையிலும் கொடுத்தேன்.

"அப்படியே பிடிச்சுட்டு இருங்க. ரயில் ஓட்டுத மாதிரி."

"எவ்வளவு நேரம்?"

"மதுரை வர்ற வரைக்கும்."

மணியாச்சி தாண்டுவதற்குள் கை வலிக்கிறது என்றார். எட்டிப் பார்த்துவிட்டு, "என் விரல் இம்புட்டுத் தடியா?" என்று கேட்டார். ஆமாம், அவ்வளவு தடி. பதினான்கு வருடம் அந்தக் கையால் சாப்பாடு வாங்கியிருக்கிறேன், காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கியிருக்கிறேன். கட்டைவிரல் ஓரத்தில் இருக்கிற தீக்காயத் தழும்பை இன்றுதான் பார்க்கிறேன்.

"இது எப்ப பட்டது?"

"நாலு வருசம் இருக்கும். கம்ப்ரசர் பைப்பு சுட்டுட்டு. நீதானட்டி மருந்து போட்ட."

எனக்கு நினைவே இல்லை.

கை வந்துவிட்டது. முள்ளங்கி இல்லை. கை.

ஜனவரி 4

காலை ஐந்தரைக்கு எழுந்து வரைகிறேன். மின்சாரம் இரண்டு முறை போனது. நிறத்தை நம்ப முடியாது என்றானதும் வெளிச்சத்தையும் நிழலையும் பார்க்கப் பழகுகிறேன். படத்தை அடிக்கடி கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்துக்கொள்கிறேன். அதிலும் நன்றாக இருந்தால்தான் அடுத்த கோடு. இவ்வளவு நாள் சிவப்பை அள்ளிப் பூசி எத்தனை ஓட்டையை அடைத்திருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது.

ஜனவரி 6

குமுதினி அக்கா போன் செய்தார். கரிச்சான் விளையாட்டிலிருந்து விலகிவிட்டாராம்.

"என்னாச்சுக்கா?"

"ஒண்ணும் சொல்லல. 'என்னால முடியல, மன்னிச்சுக்கோங்க'ன்னு ஒரு வரி. அதோட குழுவிலிருந்தே வெளிய போறேன்னு சொல்றாரு. படம் தராதவங்களுக்குப் படம் கிடையாது, அதான விதி. உனக்கு வேற ஆள் தர்றேன். வரைஞ்சதக் கொஞ்சம் மாத்திக்கோ."

"அவருக்கு யார் விழுந்தாங்க?"

"ரகசியம்டி அது." பிறகு அவரே சொன்னார்: "மோர்மிளகாய். 'கண்ணைப் பறிக்கிற நிறத்தில் ஒரு காய்கறிச் சந்தை வேணும்'னு எழுதியிருந்தா."

காய்கறிச் சந்தை. தக்காளி, மிளகாய், கீரை, மாதுளை. அந்த மனிதருக்கு இதைவிடப் பெரிய பள்ளத்தை யாராலும் வெட்ட முடியாது.

"வேற ஆள் வேண்டாம்க்கா. ரெண்டு நாள் பொறுங்க" என்றேன்.

எதற்குப் பொறுக்கச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஜனவரி 7

கரிச்சானுக்குத் தனியாகச் செய்தி எழுதினேன். பதினோரு தடவை எழுதி அழித்தேன். கடைசியில் அனுப்பியது இது:

"நான் நத்தை. செப்டம்பரில் உங்கள் நாயைக் கிண்டல் செய்தது நான்தான். தூத்துக்குடியில் கண் பரிசோதனை செய்கிற வேலை எனக்கு. எட்டை மூன்று என்று வாசிக்கிறவர்களை வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன். உங்களை அடையாளம் தெரிந்துகொள்ளாமல் போனது என் தவறு. மன்னித்துவிடுங்கள். இதை யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். குழுவை விட்டுப் போகாதீர்கள்."

இவரிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். இவர் யாரோ இல்லை.

ஜனவரி 8

பதில் இல்லை. பார்த்துவிட்டார் என்று இரண்டு நீலக் கோடு காட்டுகிறது.

கூடத்துக்கு வெள்ளை அடிக்க ஆள் வந்திருந்தார். சுண்ணாம்பு வாளியைக் கவனிக்காமல் காலை விட்டுவிட்டேன்.

ஜனவரி 9

மதியம் ஒன்றே முக்காலுக்குச் செய்தி வந்தது. ஒரே வரி.

"எனக்கு எழுபத்து நாலு இருபத்தொண்ணாத் தெரிஞ்சுது."

கடைக்கு வெளியே வந்து, பேசலாமா என்று கேட்டேன். அவரே அழைத்தார். பெயர் தணிகைவேல். ஜோலார்பேட்டையில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியர். நிதானமான குரல்.

"மேடம், இருபத்திரண்டு வயசுல ரயில்வே பரீட்சை பாஸ் பண்ணேன். உதவி டிரைவர் வேலை. எங்கப்பா லோகோ ஷெட்டுல ஃபிட்டர். தெருவெல்லாம் லட்டு கொடுத்துட்டார். அப்புறம் மெடிக்கல்ல அந்தப் புத்தகத்தக் காட்டினாங்க."

"வீட்ல என்ன சொன்னீங்க?"

"முழங்கால்ல ஏதோ குறைன்னு சொன்னேன். ஆறு மாசம் அப்பா முட்டிக்குத் தைலம் தேச்சு விட்டார்." சிரித்தார். "அதோட விட்டாச்சு. யாருக்கும் தெரியாது. போர்டுல வெள்ள சாக்பீஸ், கறுப்பு போர்டு. கணக்குல நிறம் கிடையாது. அதான் அந்த வேலைக்குப் போனேன்."

நாயைப் பற்றி நான் மறுபடி ஆரம்பித்ததும் இடைமறித்தார்.

"நானும் உங்க மீன்காரம்மா கையப் பத்தி எழுதினேன் இல்ல? அப்படி எழுதியிருக்கக் கூடாது. ஆனா கோடு ஒண்ணுதான் மேடம் எனக்கு நிச்சயமாத் தெரியும். நிறத்தப் பத்தி வாயத் திறந்தா மாட்டிக்குவேன். அதனால எல்லார் கோட்டையும் நோண்டிக்கிட்டிருப்பேன்."

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்ட நிம்மதியில் வைக்கப் போனார். எனக்கு மனம் வரவில்லை. "சந்தைப் படம் வரைய ஆரம்பிச்சீங்களா?" என்று கேட்டேன். கோடெல்லாம் முடிந்துவிட்டது, நிறத்தில்தான் நிற்கிறது என்றார். செயலியின் நிறச் சக்கரத்தில் சிவப்பு என்று நினைத்து எதைத் தொடுவோமோ என்று பயமாக இருக்கிறதாம்.

"சக்கரத்தை ஏன் தொடுறீங்க? நம்பர் போடலாமே."

"எந்த நம்பர்?"

என்னால் ஒரு நிமிடம் நம்ப முடியவில்லை. இரண்டு வருடமாக வரைகிறார், அந்தப் பக்கத்தை யாரும் அவருக்குக் காட்டியதில்லை. நிறச் சக்கரத்துக்குக் கீழே மூன்று புள்ளி இருக்கிறது, அதைத் தொட்டால் மூன்று எண் கேட்கும் என்று சொன்னேன். சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு. பூஜ்யத்திலிருந்து இருநூற்று ஐம்பத்தைந்து வரை. எந்த நிறமானாலும் அந்த மூன்று எண்தான்.

மறுமுனையில் தாளைப் புரட்டுகிற சத்தம்.

"இருக்கீங்களா சார்?"

"நாய் சொல்லுங்க. பழுப்பு நாய்."

"நூத்து முப்பத்தொம்பது, தொண்ணூறு, நாப்பத்து மூணு."

"நிழல்ல படுத்திருந்தா?"

"மூணையும் குறைங்க."

"விகிதம் மாறாமலா?"

"ஏறக்குறைய."

"மேடம்!" என்றார். குரல் மாறிவிட்டது. "மேடம், இது ஒன்பதாங்கிளாஸ் கணக்கு!"

பெர்பெத்துவா அக்கா கண்ணாடிக் கதவைத் தட்டிக் கூப்பிட்டாள். உள்ளே ஆறு பேர் காத்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. முதலில் உட்கார்ந்திருந்தவர் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

ஜனவரி 10

விலகவில்லை என்று குமுதினி அக்காவிடம் அவரே சொல்லிவிட்டார். காலையிலிருந்து எனக்குக் காய்கறிக் கடை. தக்காளிக்கு என்ன, பழுத்த தக்காளிக்கு என்ன, காம்புக்கு என்ன, முருங்கைக்காய்க்கும் புடலைக்கும் என்ன வித்தியாசம் என்று கேள்வி மேல் கேள்வி. அவர் கேட்கக் கேட்க நான் டேப்பில் எண் பார்த்து அனுப்புகிறேன். நிறத்தையெல்லாம் அட்டவணை போட்டு வரிசை எண் கொடுத்திருக்கிறார். கத்தரிக்காய் முப்பத்தேழாவது.

ஜனவரி 11

முதல் பகுதி வந்தது. யாரிடமாவது காட்டிக் கேட்க வேண்டுமே. இவரிடம் நீட்டி, எதையும் விளக்காமல், "என்ன தெரியுது?" என்று கேட்டேன்.

"மார்க்கெட்டு. இந்தத் தக்காளிய வாங்காத, அழுகப் போவுது. அந்தப் பக்கம் இருக்கது நல்லாருக்கு."

அப்படியே எழுத்து மாறாமல் அனுப்பினேன். "அழுகப்போற தக்காளிதான் மேடம் அது! பத்தொன்பதாம் நம்பர்!" என்று பதில் வந்தது. கூடவே பன்னிரண்டு ஆச்சரியக்குறி. கணக்கு வாத்தியார், எண்ணித்தான் போட்டிருப்பார்.

ஜனவரி 13

வீட்டுச் சுத்தம், கோலப்பொடி, கரும்பு, மஞ்சள்குலை, பனங்கிழங்கு. நடுவில் மதியம் மூன்று மணிக்கு என் படத்தையும் முடித்தேன். கடைசியாக ஓட்டுநரின் கட்டைவிரல் ஓரத்தில் ஒரு சின்னத் தழும்பு வைத்தேன். பத்தொன்பது நாளில் ஒரு படம். நத்தை வாழ்க்கையில் சாதனை.

அவருக்கு வரைகிறது நான்தான் என்று இன்னும் சொல்லவில்லை.

ஜனவரி 14

பொங்கல். பால் கிழக்கே பொங்கியது. நல்ல சகுனம் என்று இவர் சொன்னார். அடுப்பு அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதை நான் சொல்லவில்லை.

ஆறு மணிக்கு குமுதினி அக்கா எல்லாப் படங்களையும் திறந்துவிட்டார். எனக்கு வந்தது, ஹெல்மெட் போட்டுக்கொண்டு சிக்னலில் காத்திருக்கும் ஒரு நத்தை. கண்டக்டர் வரைந்தது. போனில் முகப்புப் படமாக வைத்துவிட்டேன்.

கரிச்சானின் சந்தை எட்டாவதாக இருந்தது. சங்கமே அதன் முன்னால் வந்து நின்றுவிட்டது. தார்ப்பாய்க்கு அடியில் விழுகிற வெயிலும், மாதுளையை உடைத்து வைத்திருக்கிற கடைக்காரியும், தராசில் ஏறி உட்கார்ந்த குழந்தையும். மோர்மிளகாய், "நான் எழுதிக்கொடுத்தது ஒரு வரி, நீங்க ஊரையே அனுப்பிட்டீங்களே" என்று எழுதியிருந்தாள். யாரோ ஒருவர், "வெங்காயம் கொஞ்சம் ஊதா தூக்கல்" என்றார். கரிச்சான் உடனே, "நூத்தி இருபத்தி ரெண்டை நூத்தி இருபத்தி எட்டுன்னு போட்டுட்டேன். திருத்துறேன்" என்று பதில் போட்டார். ஒருவருக்கும் புரியவில்லை.

என் படத்துக்குக் கீழே அவரிடமிருந்து எதுவும் வரவில்லை. ஆறரை. ஏழு. நான் கரும்பைக் கடித்துக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதிகப்பிரசங்கித்தனமாகப் போய்விட்டதோ, எஞ்சினில் ஆளை உட்காரவைத்து ஆறிய புண்ணைக் கீறிவிட்டேனோ என்று இருந்தது.

ஏழே காலுக்கு எழுதினார்:

"இந்தப் படத்தில் இருக்கிற எதையும் நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. எல்லாமே எனக்குத் தெரிகிறது. நன்றி, நத்தை."

பாராட்டு என்று நினைத்து நாற்பது பேர் அதற்குக் கை தட்டினார்கள்.

இவர் வந்து எட்டிப் பார்த்து, "அவரு என்ன எழுதியிருக்காவ?" என்று கேட்டார். வாசித்துக் காட்டினேன். இரண்டாவது தடவை வாசிக்கும்போது நடுவில் நிறுத்தி, போனை அவரிடமே கொடுத்துவிட்டேன். கரும்புச் சக்கையைத் துப்ப வேண்டியிருந்தது.

ஜனவரி 16

மீதிப் பொங்கலைக் காலி செய்துகொண்டிருந்தபோது புது எண்ணிலிருந்து போன் வந்தது.

"தூத்துக்குடி கனி மேடங்களா? நான் பூங்காவனம். ஜோலார்பேட்டை. கணக்கு சார் வீட்டுக்காரம்மா."

எனக்குப் பயமாகிவிட்டது. என்ன சொல்லப் போகிறாளோ என்று நின்றேன்.

"நேத்து உங்க படத்த எனக்குக் காட்டினாரு. காட்டிட்டு எல்லாத்தையும் சொன்னாரு. கண்ணு விஷயம், ரயில்வே மெடிக்கலு, மாமனாரு தைலம் தேச்சது, எல்லாம். கல்யாணமாகி பதினஞ்சு வருஷம் ஆவுது மேடம். முந்தாநேத்து வரைக்கும் எனக்குத் தெரியாது."

"வருத்தப்படாதீங்க, அவர் யார்கிட்டயும்…"

"வருத்தமா? கேளுங்க. பதினஞ்சு வருஷமா ஒவ்வொரு பண்டிகைக்கும் கடையில ரெண்டு சேலைய எடுத்துத் தோள்ல வெச்சுக்கினு 'எது நல்லாருக்கு?'ன்னு கேப்பேன். இந்த மனுஷன் 'உன் இஷ்டம்'னு சொல்லிட்டு வாசல்ல போய் நின்னுக்குவாரு. நான் என்ன நெனப்பேன்? நம்மள ஏறெடுத்துப் பாக்கக்கூடப் பிடிக்கல போலிருக்குன்னுதான். ஒரு பொம்பள எத்தினி வருஷத்துக்குக் கேப்பா? ரெண்டு வருஷமா கேக்கறதையே வுட்டுட்டேன்."

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பின்னால் தணிகைவேல் சார், "அதெல்லாம் எதுக்கு இப்ப?" என்றார். "நீங்க சும்மா இருங்க" என்று அவரை அடக்கிவிட்டு மறுபடி என்னிடம் வந்தாள். இப்போது குரலில் சிரிப்பு இருந்தது.

"இன்னிக்குக் காலையில நான் கேக்காமயே பீரோவத் தொறந்து உக்காந்துட்டாரு. ஒவ்வொரு சேலையா எடுத்து நீட்டி, இது என்ன நிறம், இத எப்ப கட்டின, இத எதுக்கு எடுத்தன்னு கேட்டு நோட்டுல எழுதிக்கிறாரு. என் கல்யாணச் சேலையில வந்து நின்னுட்டாரு. அது மயில்கழுத்து நிறம் மேடம். நான் எப்படிச் சொன்னாலும் அவருக்குப் பத்தல. அதுக்கு என்ன நம்பர்னு உங்களக் கேக்கச் சொல்றாரு."

பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்தேன். அடுப்பை அணைத்துவிட்டு டேப்பைத் திறந்து உட்கார்ந்தேன். நீலம் வைத்தேன், பச்சை வைத்தேன், கொஞ்சம் ஊதா வைத்தேன். மடிப்பில் ஒன்றாகவும் வெயில் பட்ட இடத்தில் வேறொன்றாகவும் தெரிகிற நிறம் அது. ஒரு நம்பரில் அடங்கவில்லை. நான்கு அனுப்பினேன்.